மூன்றாவது தூண்

ஆபீஸ் பிரிண்டரில் சொந்த வேலை பார்க்காத உத்தமர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். மற்றவர்கள் மட்டும் என்னோடு வாருங்கள்.

அன்றைக்கு மணி ஆறே கால். செக்ஷனில் பாதி விளக்கை அணைத்தாகிவிட்டது. நான் பிரிண்டர் பக்கத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன். அது 'க்ர்ர்' என்று இருமி, பாதிக் காகிதத்தை வெளியே தள்ளியபோது பின்னால் ஒரு கை நீண்டு அதை எடுத்தது. மானேஜர்.

"என்னய்யா இது, குகையா?"

"மண்டபம் ஸார். மதுரை புதுமண்டபம்."

"ஆளே இல்லையே?"

"இருந்திருப்பாங்க ஸார். நகர்ந்துக்கிட்டே இருந்ததால படத்துல விழலை."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காகிதத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். வருஷக் கணக்கு முடிக்கிற சமயத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்று நினைத்திருப்பார்.

நான் சொன்னது நிஜம்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 79 வயசு. மதுரைக்காரர். பதினொரு வருஷமாகச் சென்னையில் என்னோடு இருக்கிறார் என்றாலும், 'ஊர்' என்றால் அவருக்கு மீனாட்சி கோயிலின் நாலு கோபுரத்துக்குள் அடங்கிய சமாச்சாரம். என் தாத்தா டெய்லர். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில், ஒரு தூணோரம் மெஷின் போட்டிருந்தார். அப்பா ஏழு வயசிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் காஜா எடுப்பாராம். சித்திரைத் திருவிழா நெருங்கினால் கருப்பசாமி வேஷத்துக்குச் சல்லடம், தலைப்பாகை என்று ராத்திரி பகலாகத் தையல். கண் சொக்கினால் தூணில் சாய்ந்து தூங்குவாராம். "கல்லு சில்லுனு இருக்கும்டா. மெஷின் ஓடுற அதிர்வு முதுகுல தெரியும்" என்று சொல்வார். கல்தூணில் தையல் மெஷின் அதிர்வு தெரியுமா என்று நான் விவாதித்ததில்லை. சில விஷயங்களை விவாதிக்கக் கூடாது.

திருமலை நாயக்கர் காலத்து வசந்த மண்டபம் அது. 124 தூண்கள் என்பார்கள். நமக்குத் தெரிந்த காலத்தில் சிற்பத்துக்குப் பக்கத்தில் சில்வர் பாத்திரம், யாளிக்குக் கீழே நோட்டுப் புத்தகம், நடுவே டெய்லர்கள். வெள்ளைக்காரர்கள் காலையில் துணி கொடுத்து, சாயங்காலம் பைஜாமாவோடு போவார்கள். 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளை எடுக்க வேண்டும் என்கிற பேச்சு வலுத்தது. புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுகின்றன என்று பேப்பரில் படித்த அன்றைக்கு அப்பா சொன்னார்:

"எல்லாரும் காலி பண்றதுக்கு முன்னால ஒரு எட்டு போயிட்டு வந்திருவோமாடா?"

"மார்ச் முடியட்டும்பா" என்றேன்.

மார்ச் முடிந்தது. ஏப்ரலில் ஆடிட். மே மாசம் வெயில். ஜூனில் ஸ்கூல் அட்மிஷன். தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வைஃப் வீட்டில் விசேஷம். அப்புறம் மறுபடி மார்ச். உங்களுக்கும் இந்தக் காலண்டர் தெரிந்திருக்கும். கடைகள் போய்விட்டன. அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் பரவாயில்லை.

போன வருஷம் அவருக்கு இடது கண்ணில் புரை எடுத்தோம். அப்போதுதான் டாக்டர் வலது கண்ணைப் பார்த்துவிட்டு, கிளாகோமா என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெடுகிற வியாதி. ஓரத்திலிருந்து பார்வை குறைந்துகொண்டே வரும். நடுவில் தெரிவதால் ஆசாமிக்கே லேசில் தெரியாது. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார். ஆட்டோவில் வரும்போது அப்பா கேட்டார்:

"மார்ச்சு எப்ப முடியுதுடா?"

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் மொபைலில் புதுமண்டபத்தின் பழைய படங்களைத் தேட ஆரம்பித்தேன். முதல் பாடம் உடனே கிடைத்தது. ஆங்கிலத்தில் 'மதுரை' என்று அடித்தால் ஹோட்டல் ரூம் வாடகை வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊருக்கு அவன் வைத்த பெயர் 'மதுரா'. சரி, அதை அடிப்போம் என்றால், இந்தோனேஷியாவில் அதே பெயரில் ஒரு தீவு இருக்கிறது. அங்கே மாட்டுப் பந்தயம் பிரசித்தம். பதினைந்து நிமிஷம் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 'திருமல் நாயக் சோல்ட்ரி' என்று அந்தக் காலத்துத் துரை எழுதின மாதிரியே அடித்த பிறகுதான் கதவு திறந்தது. (தஞ்சாவூர்க்காரர்கள் 'டாஞ்சூர்' என்றும், திருச்சிக்காரர்கள் 'டிரிச்சினாப்பொலி' என்றும் தேடவும். கௌரவம் பார்க்காதீர்கள்.)

கதவுக்குப் பின்னால் நின்றவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தில் பிறந்து, மதராஸ் ராணுவத்தில் சேர்ந்து காப்டனானவர். மதராஸ் அரசாங்கம் இவரைச் சம்பளத்துக்குப் போட்டோகிராபராக வைத்துக்கொண்டது. 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று ஒரு ரவுண்டு வந்திருக்கிறார். 1858-ல் மதுரையில் அவர் எடுத்த படங்கள் இப்போது லண்டன், வாஷிங்டன், நியூயார்க் மியூசியங்களில் இருக்கின்றன. பெட்டியில் பூட்டி வைத்ததை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். மணி இரண்டரை ஆகிவிட்டது. நான் லுங்கியோடு உட்கார்ந்து மூன்று மியூசியத்தை முடித்திருந்தேன்.

மனுஷர் ஒரு நவீன ஆசாமி. அந்தக் காலத்தில் வானம் படத்தில் வெறிச்சென்று வெளுத்துப் போகும். இவர் சும்மா விடவில்லை. நெகட்டிவின் மேலேயே தொட்டுத் தொட்டு மேகம் வரைந்திருக்கிறார். போட்டோஷாப்புக்கு முன்னோர்! தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். அதை பிரிண்ட் போட்டால் என் வீட்டு ஹாலைத் தாண்டி, எதிர் ஃபிளாட்காரர் சமையலறையில்தான் முடியும். இவ்வளவு செய்தவரை என்ன செய்தார்கள் தெரியுமா? 1859-ல் டிரெவெல்யன் என்று புது கவர்னர் வந்தார். சிக்கன நடவடிக்கை. போட்டோ டிபார்ட்மெண்ட் க்ளோஸ். ஆபீஸ் என்றால் எந்த நூற்றாண்டிலும் ஆபீஸ்தான்.

படங்களில் ஒன்று, புதுமண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தை மேற்கிலிருந்து எடுத்தது. வரிசையாகத் தூண்கள், தூரம் போகப் போகச் சிறுத்து, கோடியில் ஒன்றாகிப் போகின்றன. ஈ காக்கை இல்லை. ஆள் விழாததற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய நெகட்டிவ் கண்ணாடி அல்ல, மெழுகு ஏற்றிய காகிதம். வெளிச்சத்தை அது மெதுவாகத்தான் வாங்கும். நிழலான மண்டபத்துக்குள் லென்ஸ் மூடியைத் திறந்துவிட்டு நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் குறுக்கே நடந்து போனவன் பதிய மாட்டான். கல் மட்டும் பொறுமையாக நின்று விழுந்திருக்கிறது.

சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாகப் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஊருக்குக் கூட்டிப் போகாததற்கு நஷ்ட ஈடு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

முதல் பிரதியைத்தான் மானேஜர் பார்த்தார். மொபைலில் தெரிந்ததை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எனக்கு நானே வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, ஆபீஸ் பிரிண்டரில் எடுத்தது. தூண்கள் எல்லாம் ரவா உப்புமா மாதிரி உதிர்ந்திருந்தன. அப்பாவிடம் காட்டவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு கலர் லேப் இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ, மக்கில் முகம் அச்சிடுவது, கல்யாண ஆல்பம் எல்லாம் செய்வார்கள். அங்கே இருக்கிற பையனுக்கு இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். என் மொபைலை வாங்கிப் பார்த்து, ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் பார்க்கிற டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"ஸ்க்ரீன்ஷாட்டா ஸார்? தேறாது."

"படம் நல்லாத்தானே தெரியுது?"

"இதுல தெரியும் ஸார். இஞ்சுக்கு 300 புள்ளி வேணும். உங்க படம் 600 புள்ளி அகலம். ரெண்டு இஞ்சுக்குத்தான் வரும். ஸ்டாம்ப் மாதிரி ஒட்டிக்கலாம்."

அப்புறம் வகுப்பு எடுத்தான். கூகுள் காட்டுவது வெறும் மாதிரி. மியூசியத்தின் பக்கத்துக்கே போய், படத்துக்குக் கீழே கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி இருக்கும், அதை அமுக்கினால் முழுப்படம் இறங்கும். அதை வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் சுருக்காது. இத்தனை வருஷமாகக் குடும்பப் படங்களை எல்லாம் சுருக்கிச் சுருக்கியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். என் பெண்ணின் முதல் பிறந்தநாள் உட்பட.

"காப்பிரைட் பிரச்னை வராதுல்ல ஸார்?"

இதற்கு மட்டும் நான் தயாராக இருந்தேன். எடுத்தவர் 1902-லேயே இறந்துவிட்டார். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017 பிப்ரவரியில், உரிமைப் பிரச்னை இல்லாத 3,75,000 படங்களை யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. எல்லா மியூசியமும் இவ்வளவு தாராளம் இல்லை. சில இடங்களில் விற்கக் கூடாது, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்பார்கள். கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துவிட்டு இறக்கவும். நான் மூச்சு விடாமல் இதைச் சொல்லி முடித்தபோது பையன் வேறு ஒருவரின் பாஸ்போர்ட் போட்டோவைக் கத்தரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது பிரதி 12-க்கு 18. பளபளவென்று வந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பா முன்னால் விரித்தேன். அவர் இரண்டு கையாலும் தூக்கி, மூக்குக்கு அரை அடி தூரத்தில் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டாமல் படத்தை ஆட்டினார். ரயில் ஜன்னலில் ஊர் நகர்வது போல. அப்படித்தான் இனி பார்க்க முடியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலடி தூரத்தில் சுவரில் மாட்டினால் அவருக்கு எட்டாது.

"தரையை எங்கேடா?"

"என்னப்பா?"

"தூணு இருக்கு. தூணுக்குக் கீழே தரை இருக்கணும்ல? வெட்டிப்புட்டானே. உங்க தாத்தா என்ன, தூணு நடுவுலயா தொங்குனாரு?"

அவர் சொன்னது சரி. ட்ரைப்பின் படம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. லேப் காகிதம் மூன்றுக்கு இரண்டு. காகிதத்தை 'நிரப்பு' என்று மெஷினுக்குச் சொன்னால் அது மேலே முக்கால் அங்குலம், கீழே முக்கால் அங்குலம் கத்தரித்துவிடும். மேலே கத்தரித்ததைப் பற்றி அப்பா கவலைப்படவில்லை. கீழேதான் அவருடைய பள்ளிக்கூட நாட்கள் முழுக்க இருந்தன.

"கலரும் வேற மாதிரி இருக்கு. நீலம் பாஞ்ச மாதிரி" என்றார். அதுவும் சரி. கண் போச்சு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அசல் படம் காப்பிப்பொடி நிறம். லேப் மெஷின் அதை 'மங்கிப்போன பழசு' என்று தானாகவே தீர்மானித்து, வெளுத்துக் கொடுத்துவிட்டது.

மறுநாள் மறுபடி லேப். பையன் சங்கடப்படவே இல்லை. "ஆட்டோ கரெக்ஷனை ஆஃப் பண்ணிடறேன் ஸார். 'ஃபிட்' போட்டா ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒவ்வொரு இஞ்ச் நிக்கும், பரவால்லையா? பளபளா பேப்பர் வேணாம், மேட் போடறேன், டியூப்லைட் அடிக்காது" என்றான். பிறகு, நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கினான். மொபைல் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. காகிதத்துக்கு அந்த வசதி இல்லை; வீட்டு வெளிச்சத்தை நம்பிப் பிழைக்க வேண்டும். அதனால் திரையில் சரியாக இருப்பது காகிதத்தில் ஒரு படி இருட்டாக வரும்.

"16 இஞ்சுக்கு இழுத்தா புள்ளி கொஞ்சம் கம்மியாகும் ஸார். ஆனா பெரிய படத்தைத் தள்ளி நின்னுதானே பார்ப்பாங்க."

"அரை அடியில வெச்சுப் பார்ப்பார்" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முதல் முறையாகக் கேள்வி கேட்டான். சொன்னேன். அதற்கப்புறம் அவன் ஒன்றும் பேசாமல், ஒரு சின்னத் துண்டை மட்டும் முதலில் அச்சிட்டு, வெளியே வெயிலில் கொண்டுபோய்க் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்து, உள்ளே வந்து ஏதோ மாற்றி, மறுபடி அச்சிட்டுப் பார்த்தான். அந்தத் துண்டுகளுக்குக் காசு வாங்கவில்லை.

மூன்றாவது பிரதி. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி, பால்கனி வெளிச்சம். அப்பா படத்தை மடியில் வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். தாழ்வாரத்தின் முன்பக்கத்திலிருந்து தொடங்கி விரலைத் தூண் தூணாக நகர்த்தினார். மூன்றாவதில் நிறுத்தினார். கீழே இறங்கினார்.

"இதுதான்."

எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அந்த மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் தாழ்வாரம் உண்டு, தாத்தா உட்கார்ந்த பக்கம் இதுதானா என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? கேட்கவும் செய்தேன். அப்பா தலையைத் தூக்காமல், "கோபுரத்தைப் பார்த்த வாசல்லேருந்து நுழைஞ்சா மூணாவது. நான் நடந்த இடம்டா. நீயா நடந்தே?" என்றார். அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

அப்புறம் அவர் செய்ததை நான் தடுத்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, 300 ரூபாய்ச் சொச்சம் கொடுத்துப் போட்ட படத்தில், தூணின் அடியில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். துணியில் டெய்லர்கள் சாக்பீஸால் போடுவார்களே, அதே அளவு.

"இங்க மெஷினு." இன்னொரு குறி. "இங்க இஸ்திரிப் பொட்டி. கரி கங்கு பறக்கும், அதனால கொஞ்சம் தள்ளி." மூன்றாவது குறி தூணை ஒட்டி. அதற்கு விளக்கம் சொல்லவில்லை.

என் பெண் எட்டிப் பார்த்து, "தாத்தா, இதுல நீங்க எங்கே?" என்றாள்.

"இது நான் பொறக்குறதுக்கு ரொம்ப முன்னாடி எடுத்தது பாப்பா. நான் இன்னும் வரலை" என்றார்.

சமையலறையிலிருந்து என் மனைவி, "சட்டம் போட்டுட்டு வந்துடாதீங்க. ஆணி அடிச்சா ஹவுஸ் ஓனர் சத்தம் போடுவார்" என்று குரல் கொடுத்தாள். சட்டம் போடவில்லை. படம் ஒரு அட்டையில் ஒட்டிக்கொண்டு அப்பா கட்டிலிலேயே கிடக்கிறது. சாயங்காலம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷம் கண்ணை மூடியிருந்துவிட்டு, பிறகு எடுத்துப் பார்ப்பார்.

போன வாரம் லீவ் லெட்டர் எழுதிக்கொண்டு மானேஜரிடம் போனேன். அவர் காலண்டரைப் பார்த்தார். மார்ச்.

"ஏப்ரல்ல போகக் கூடாதாய்யா?"

"இல்லை ஸார்" என்றேன். ஏன் என்று சொல்ல ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன். அவருக்கு என்ன தோன்றியதோ, "அந்தக் குகைக்கா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வைகையில் இரண்டு டிக்கெட். நேற்று ராத்திரி பெட்டி கட்டும்போது அப்பா படத்தையும் உள்ளே வைக்கச் சொன்னார். பெட்டியில் கொள்ளாது, அட்டையிலிருந்து பிரித்துச் சுருட்டி எடுத்துப்போகலாம் என்றேன்.

"சுருட்டுனா மடிப்பு விழும். மடியிலயே வெச்சிக்கிறேன், விடு."

"கடையெல்லாம் போயிடுச்சுப்பா. அங்கே இப்ப மெஷினும் இருக்காது, ஆளும் இருக்காது."

"தெரியும்டா" என்றார். "அதான் இதைக் கொண்டு வரேன். இதுலயும் ஆளில்ல, அங்கயும் ஆளில்ல. வாசல்ல நின்னு ஒத்துப் பார்த்துக்குறேன்."